வீட்டுக்கு மதிப்பெண் இடுவோர் யார்?

ஐம்பொறிகளுள் கண்ணுக்கு உள்ள அதிகாரம் பெரிது. காதால் கேட்டதை ஐயுறுகிறோம். பிறர் சொன்னதை ஆராய்கிறோம். கண்ணால் கண்டதை மட்டும் முடிந்த தீர்ப்பாகவே கொண்டுவிடுகிறோம். ஒரு பொருளைப் பார்த்த அக்கணமே "அழகு" என்றோ "அவலட்சணம்" என்றோ நா சொல்லிவிடுகிறது. துணிக்கும் பாத்திரத்துக்கும் இத்தீர்ப்புப் போதுமாயிருக்கலாம். மனிதர் குடியிருக்கும் வீட்டுக்கு இது போதுமா? இவ்வியாசத்தில் நாம் ஆராயப் புகுவது இக்கேள்வியே. கேள்வியை எழுப்பிவிட்டது ஒரு தொலைக்காட்சிப் போட்டி.

ஆஸ்திரேலியாவில் 'தி பிளாக்' என்னும் நிகழ்ச்சி 2003-ஆம் ஆண்டு தொடங்கிற்று. அதன் முறை வருமாறு: ஒரு பழைய கட்டடத்தையோ, அடுத்தடுத்துள்ள சில வீடுகளையோ எடுத்து, சில ஜோடிகளிடம் பங்கிட்டுக் கொடுப்பர். ஒவ்வொரு ஜோடியும் தன் பங்கை அறை அறையாகப் புதுப்பித்துக்கொண்டு வரவேண்டும். நடுவர்கள் வந்து சுவரையும் விளக்கையும் குளியலறைத் தரையையும் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுவர். முடிவில் வீடுகள் ஏலத்துக்கு வரும். முன்னரே குறித்த விலைக்கு மேல் கிடைப்பது அந்த ஜோடிக்குச் சேரும். மிகுந்த இலாபம் கண்டவர்க்குத் தனிப் பரிசும் உண்டு. உழைப்பு, அழகு, பணம், அதிர்ஷ்டம் என்னும் நான்கும் ஒரே மேடையில் ஆடுவதால் மக்கள் இதனை விரும்பிப் பார்ப்பதில் வியப்பில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை, ஜாசினுக்கு அருகே ஒரு தாமானில், என் மைத்துனர் வீட்டில் இதனைப் பார்க்க நேர்ந்தது. 2018-ஆம் ஆண்டின் போட்டி அது. கூடத்தில் எட்டுப் பேர் இருந்தோம். சிறிது நேரத்தில் வீடு இரண்டு கட்சியாயிற்று. குளியலறைக்குக் கறுப்புக் கல் பதித்த ஜோடியே சிறந்தது என்றார் மைத்துனர். கறுப்புத் தரையில் சவர்க்கார நுரை காய்ந்தால் எப்படித் தோன்றும் என்பது தேய்த்துக் கழுவுகிறவர்க்கே தெரியும் என்று மடக்கினார் அவர் மனைவியார். நடுவர் ஒருவர் அரை மதிப்பெண் குறைத்தபோது பிள்ளைகள் "அநியாயம்!" என்று கூவினர். நானும் வாளாவிருக்கவில்லை, என் பங்குக்கு ஏழரை என்றேன். சுவரில் ஓர் ஆணி நேராக அடிக்கத் தெரியாதவனும் அன்று நடுவனானான்.

இதனை எள்ளி நகையாட நான் எழுத வரவில்லை. முன்பின் அறியாத இருவருக்கு அரை மதிப்பெண் குறைந்தது என்பதற்காகப் பிள்ளைகள் துடிக்கிறார்கள் என்றால், அவர்கள் உள்ளத்தில் நீதியுணர்ச்சி உயிரோடிருக்கிறது என்றே பொருள். 2011-ஆம் ஆண்டு மெல்பர்ன் நகரின் ரிச்மண்ட் பகுதியில் நடந்த போட்டியில், நான்கு வீடுகளுள் ஒன்றே ஏல நாளில் விலைபோயிற்று. ஏனைய மூன்று ஜோடிகளும் வாரக்கணக்கில் கண்விழித்து உழைத்தும் அன்று வெறுங்கையோடு நின்றனர். அதைக் கண்டு பார்வையாளர் பலர் மனம் நொந்தனர். உழைத்தவனுக்குப் பலன் இல்லை என்றால் மனம் நோவது மனித இயல்பு. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவி, மழையால் அன்றைய கூலியை இழந்த குடும்பங்களில் பிறந்த நமக்கு இந்நோவை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆகவே பார்வையாளரின் உணர்ச்சி பொய்யன்று. அவ்வுணர்ச்சி எங்கே தொடங்கி எங்கே நின்றுவிடுகிறது என்பதே பார்க்கத் தக்கது.

அன்று எங்கள் வாதம் உச்சத்தில் இருந்தபோது, மூலையில் பாயில் அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த மைத்துனரின் தாயார் தலை நிமிர்ந்தார். வாழ்நாளில் பெரும் பகுதியைத் தோட்டத்து லயத்தில் கழித்தவர் அவர். "அதெல்லாம் இருக்கட்டும்பா. முன்னே அந்தக் கட்டடத்திலே குடியிருந்தவங்க எங்கே போனாங்க?" என்று கேட்டார்.

எவரிடமும் விடை இல்லை. பேரன் கைப்பேசியில் தேடிப் படித்தான். செய்தி இது: அக்கட்டடம் செயின்ட் கில்டாவில் ஃபிட்ஸ்ராய் தெருவிலுள்ள 'கேட்விக்' என்னும் பழைய விடுதி. பல்லாண்டுகளாக அஃது அறை வாடகை விடுதியாயிருந்தது. வேறெங்கும் இடங்கிடையாத ஏழைகள், மனநோயுற்றோர், போதைக்கு அடிமையாகித் தடுமாறியோர் ஆகியோர்க்கு அதுவே புகலிடம். இரட்டைச் சகோதரிகள் இருவர், தம் தாயாருக்குப் பின் அதனை நடத்திவந்தனர். அங்கே குற்றங்கள் பல நிகழ்ந்தன. அண்டையில் கடை வைத்திருந்தோர் ஓயாது முறையிட்டனர். 2017-இல் தொலைக்காட்சி நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. குடியிருந்தோர்க்கு அரசாங்க உதவியுடன் வேறிடம் தேடிக் கொடுக்கப்பட்டது, விடுதி மூடப்பட்டது. மறு ஆண்டு அதே சுவர்களுக்குள் உயர்தரக் குடியிருப்புகள் எழுந்தன. அவையே நாங்கள் மதிப்பெண் இட்டுக்கொண்டிருந்த அறைகள்.

ஈண்டு ஒருவர் இடைமறித்துக் கேட்கலாம்: "அழுக்கும் குற்றமும் மண்டிய விடுதியை அப்படியே காக்க வேண்டும் என்கிறீரா? பழையது எல்லாம் புனிதம் என்று பேசுவது பகுத்தறிவுக்குப் பொருந்துமா?" நேர்மையான கேள்வி இது. வறுமையின் இருப்பிடத்தை அழகென்று பாராட்டுவது வறுமையில் வாழாதவனின் பொழுதுபோக்கு. இடிந்த சுவரைத் திருத்தத்தான் வேண்டும். ஒழுகும் கூரையை மாற்றத்தான் வேண்டும். ஆயினும், சுவர் திருந்திய பிறகு அதற்குள் யார் இருக்கிறார் என்று கேட்கும் கடமை அதனால் நீங்கிவிடுமா? நோயாளியை வெளியேற்றிவிட்டுக் கட்டிலுக்கு வெள்ளை விரிப்பு விரிப்பதை மருத்துவம் என்று எவரும் சொல்லார். வீட்டைச் செப்பனிடுவதும், குடியிருப்போரின் வாழ்வைச் செப்பனிடுவதும் இரண்டு வேலைகள். முதலாவது முடிந்தவுடன் இரண்டாவதும் முடிந்ததாகக் கண் நம்பிவிடுகிறது. கண் செய்யும் பிழை இதுவே.

விடுதி கைமாறிய காலத்தில் ஆஸ்திரேலியரிடையே இதுபற்றிப் பேச்சு எழாமலில்லை. தெரு திருந்திற்று என்று மகிழ்ந்தோர் இருந்தனர். ஏழைகளின் கடைசி வாயில் அடைபட்டது என்று வருந்தியோரும் இருந்தனர். ஆனால் ஆட்டம் தொடங்கியபின் எங்கள் கூடத்தில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். அரை மதிப்பெண்ணுக்காக எழுந்த "அநியாயம்" என்னும் சொல், வெளியேறிய மனிதர்க்காக எழவில்லை. நாங்கள் கொடியவர்கள் என்பது காரணமன்று. ஆட்டத்தின் எல்லைக்குள் நிற்போர்க்கு மட்டுமே எங்கள் நீதியுணர்ச்சி செலவாயிற்று. எல்லைக்கு வெளியே இருந்தோர் கண்ணிற் படவில்லை. கண்ணிற் படாதவர் கணக்கில் சேரவில்லை. எல்லையைக் கோடிட்டவர் ஆட்டத்தை அமைத்தவர். நாங்கள் அவர் கொடுத்த கோட்டுக்குள் நின்றுகொண்டு நீதி பேசினோம்.

இது கடல்கடந்த நாட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டா. மலாக்கா நகருக்குள் வாருங்கள். ஜோங்கர் தெருவையும் அதனைச் சூழ்ந்த தெருக்களையும் காண நாள்தோறும் பயணிகள் வருகிறார்கள். பொற்கொல்லரின் பெயரால் ஒரு தெருவும், கொல்லரின் பெயரால் ஒரு தெருவும் அங்கே இருக்கின்றன. பழைய கடைவீடுகளில் குடும்பங்களும் கைவினைஞரும் தலைமுறையாகக் குறைந்த வாடகையில் வாழ்ந்துவந்தனர். 1997-இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டது. தவணைக் காலமும் 1999-ஆம் ஆண்டோடு முடிந்தது. வாடகை ஏறிற்று, பலர் வெளியேறினர். 2008-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. சுவர்கள் வண்ணம் பெற்றன. தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. இடிந்து விழ இருந்த வீடுகள் பல அதனால் பிழைத்தன என்பதை மறுக்கக் கூடாது. ஆனால் படம் எடுத்துக்கொண்டு "எவ்வளவு அழகு!" என்று வியந்து செல்வோருள், கொல்லர் தெருவில் கொல்லர் எத்தனை பேர் இருக்கிறார் என்று எண்ணிப் பார்ப்போர் எத்தனை பேர்?

தோட்டத்துக்கும் வருவோம். இந்நாட்டில் வாணிகத்துக்கென ரப்பர் பயிரிட முன்வந்தவர்களுள் முதல்வர் தான் சாய் யான். 1896-இல் அவர் நட்டது இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில். பால்மரம் பெருகப் பெருக லயங்களும் பெருகின. மேட்டு வங்களாவிலிருந்து பார்க்கும் துரையின் கண்ணுக்கு லயம் அழகாகவே தோன்றியிருக்கும்: நேர் வரிசை, ஒரே அளவு, சுண்ணாம்பு பூசிய சுவர். உள்ளே இருந்தவர்க்கு அஃது ஓர் அறையும் ஓர் அடுப்படியும். அடுத்த வீட்டுக் குழந்தையின் இருமல் பலகைச் சுவர் தாண்டிக் கேட்கும். தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை விதிக்க 1966-இல் ஒரு சட்டம் வந்தது. 1990-இல் வேறு சட்டம் அதனிடத்தைப் பெற்றது. 2019-இல் அதுவும் திருத்தப்பட்டது. இவை வேண்டியவையே. ஆயினும் தரம் எத்துணை உயர்ந்தாலும் வீடு வேலையோடு கட்டுண்டிருந்தது. வேலை முடிந்த நாளில் வீடும் முடிந்தது. தோட்டங்கள் பல கைமாறித் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆனபோது, புதிய வீடுகளின் விளம்பரப் படத்தைப் பார்த்து ஊர் மெச்சிற்று. மைத்துனரின் தாயார் கேட்ட கேள்வி எங்கிருந்து பிறந்தது என்று இப்போது விளங்கும். அவர் திரையில் பார்த்தது அறைகளை அன்று, காலியான வாசலை.

பிறரை மட்டும் குறை கூறி முடித்தால் இது பாதி உண்மையாகிவிடும். நம் வீடுகளையே பார்ப்போம். தீபாவளி நெருங்குகிறது என்றால் கூடத்துக்குப் புது வண்ணம், புதுத் திரைச்சீலை, கண்ணாடி அலமாரி. இதற்காகத் தவணைக் கடன் வாங்குவோரும் உண்டு. விருந்தினர் அரை மணி நேரம் அமரும் கூடம் மின்னுகிறது. நாளெல்லாம் பெண்மக்கள் நின்று வேகும் அடுப்படியில் காற்று வரச் சன்னல் இல்லை; இருக்கும் சன்னலை அலமாரி மறைத்திருக்கிறது. வருவோர் என்ன சொல்வாரோ என்னும் அச்சம் வீட்டின் நடுவராகிவிட்டது. போட்டியில் நடுவர் பார்த்துவிட்டுப் போய்விடுவார். நம் வீட்டுக்கு வருகிற விருந்தினரும் அப்படியே. குடியிருப்பவரோ இரவும் மழையும் நோயும் அங்கேதான் கழிக்க வேண்டும். குளிரையும் புழுக்கத்தையும் உடல் அறியும். வழுக்கும் தரையைக் கால் அறியும். நாளை போகச் சொல்வார்களோ என்னும் கவலையை நெஞ்சு அறியும். இவற்றுள் ஒன்றேனும் கண்ணிற் படுவதில்லை. ஆகவே வீட்டுக்கு மதிப்பெண் இட முதல் உரிமை அதில் வாழ்பவருக்கே உண்டு; இரண்டாம் உரிமை அதிலிருந்து வெளியேற்றப்பட்டவருக்கு. பார்வையாளன் மூன்றாமவன். அவன் பேசலாம், முந்திப் பேசுவது முறையன்று.

"வேடிக்கை பார்ப்பதற்கு இத்துணை விசாரணையா?" என்பீர்கள். வேடிக்கை பாருங்கள்; மகிழுங்கள்; அரை மதிப்பெண்ணுக்குச் சண்டையும் இடுங்கள். ஆனால் வேடிக்கையில் பழகிய கண்ணே பிறகு ஊரையும் பார்க்கிறது. நகர சபையின் திட்டத்தையும், தோட்டத்தின் விற்பனையையும், தன் தாயின் அறையையும் பார்க்கிறது. அக்கண்ணுக்கு ஒரு கேள்வியைப் பழக்கிவிட்டால் போதும்: இங்கே இருந்தவர் எங்கே? இருக்கப்போகிறவர் யார்?

அன்று நிகழ்ச்சி முடிந்தபின் அந்த அம்மையாரிடம், "இந்த வீட்டை மாற்றிக் கட்டுவதென்றால் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டேன். அவ்வீட்டில் வந்து குடியேறிய இத்தனை ஆண்டுகளில் இக்கேள்வியை எவரும் அவரிடம் கேட்டதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. சிறிது யோசித்தார்.

"குளிக்கிற அறைப் படியிலே, பிடிச்சுக்கிட்டு இறங்க ஒரு கம்பி," என்றார்.

முந்திய ஆண்டு அவர் அப்படியில் வழுக்கி விழுந்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் கூடத்துக்குப் பளிங்குக் கல் பதித்திருக்கிறார்கள். நான் மைத்துனரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அந்தத் தரைக்கு, வந்தவுடனே, நானும் ஒன்பது மதிப்பெண் கொடுத்திருந்தேன்.