கைமாறி வந்த ரதம்

என் நண்பர் ஒருவர், புதிதாய் இருந்தபோது விற்ற விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்து, பத்தாண்டு ஓடிய சொகுசுக் கார் ஒன்றை வாங்கி, மூன்று மாத காலம் அதில் பெருமிதத்தோடு பவனி வந்தபின், ஒருநாள் விடியற்காலை வாசற்கதவைத் திறந்து பார்க்கையில், காரின் முன்பாகம், பாகன் சொல்லுக்கு முன்னங்கால் மடக்கிய யானையைப் போலத் தரையோடு தாழ்ந்து கிடந்தது. அத்தகைய வண்டிகளை எஃகுச் சுருள்கள் தாங்குவதில்லை; காற்றடைத்த ரப்பர்ப் பைகளே தாங்குகின்றன. வயதேறிய ரப்பரில் மயிரிழை போன்ற வெடிப்புக் கண்டு காற்று கசிய, அக்கசிவை ஈடுகட்டுவதற்காக, விட்டுவிட்டு ஓடவே அமைந்த கம்ப்ரஸர் ஓயாது ஓடி, முடிவில் தானும் எரிந்துபோகிறது. இரண்டு பைகளுக்கும் கம்ப்ரஸருக்கும் கூலிக்குமாக மெக்கானிக் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட், தாம் கார் வாங்கிய விலையில் கால் பங்கை எட்டுவது கண்டு நண்பர் பேச்சற்றுப் போனார்.

அவருடைய துயரம் பணத்தைப் பற்றியது என்றே முதலில் எண்ணினேன். யோசிக்க யோசிக்க, அதனுள் மிகப் பழைய தத்துவ விசாரம் ஒன்று அடங்கியிருப்பது புலப்பட்டது: ஒரு பொருளை வாங்குகிறவன் உண்மையில் எதை வாங்குகிறான்?

வருஷம் ஏற ஏறக் காரின் விலை இறங்குகிறதேயன்றி, அதன் உதிரிப் பாகங்களின் விலையும், அவற்றைக் கழற்றி மாட்டும் கூலியும் இறங்குவதில்லை. 2001-ல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ செவன் சீரிஸின் எட்டு சிலிண்டர் எஞ்சினில், இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே புதைந்து கிடக்கும் கூலண்ட் குழாயின் ரப்பர் சீல் கெட்டுக் கசிவது, தொழிலறிந்தோர் யாவரும் அறிந்த வியாதி. சீலின் விலை அற்பம். ஆனால் அதை எட்டுவதற்கு எஞ்சினின் முன்முகத்தையே பிரிக்க நேர்வதால், கூலி மலையாகிவிடுகிறது. அதே காரின் ஆட்டோமேடிக் கியர்பாக்ஸில் ஊற்றிய எண்ணெய் ஆயுள் முழுதும் போதும் என்று காரைச் செய்தவர்கள் சொல்ல, கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அதை மாற்றச் சொல்கிறது. ஆயுள் என்றது யாருடைய ஆயுளை? முதலில் வாங்கியவர் கையில் அது இருக்கும் காலத்தையா, இரண்டாமவர் கையில் இருக்கும் காலத்தையா? இத்தகைய வியாதி ஒரு கம்பெனியோடு நிற்பதன்று: 1990களின் முற்பகுதியில் வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் கார்கள் சிலவற்றில், எஞ்சின் வயர்களின் மேலுறையே உஷ்ணத்தில் பொடிந்து உதிர்ந்தது.

வாங்குகிறவன் எதை வாங்குகிறான் என்ற கேள்விக்கு ஒரு பழங்கதை விடை சொல்கிறது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் சாகல நகரை ஆண்ட மிலிந்தன் என்னும் கிரேக்க அரசன், நாகசேனர் என்ற பௌத்தத் துறவியிடம் ரதமேறி வந்து வாதித்த கதையை மிலிந்த பஞ்ஹா என்னும் நூல் சொல்லும். அச்சு ரதமா, சக்கரம் ரதமா, நுகத்தடி ரதமா என்று துறவி ஒவ்வொன்றாய்க் கேட்க, எதுவும் அன்று, ரதம் என்பது வெறும் பெயரே என மன்னன் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. என் நண்பரும் கார் என்னும் ஒரு நாமத்தை வாங்கியதாக நினைத்தார். கிடைத்தவையோ, தத்தமக்குத் தனித்தனி ஆயுள் கொண்ட ஆயிரம் அநித்தியங்கள்.

ஆதலால் இத்தகைய சுமையைத் துறந்துவிடுவதே ஞானம் என்று சொல்வாரும் உண்டு. அதை என் மனம் ஏற்கவில்லை. ஜைன ஆசாரியரான உமாஸ்வாதி, உடைமை கொள்ளுதலாகிய பரிக்ரஹத்துக்கு இலக்கணம் வகுக்கையில், பொருளைக் கையில் வைத்திருப்பதைச் சொல்லாமல், அதன்மேல் கொள்ளும் மோக மயக்கமாகிய மூர்ச்சையையே சொன்னார். வண்டியின் பளபளப்பைத் தடவித் தடவி மகிழ்ந்து, எண்ணெய் மாற்றும் நாளை மறந்தவனே மூர்ச்சையுற்றவன்; ரப்பருக்கும் முதுமை உண்டென்று அறிந்து, உரிய காலத்தில் அதை மாற்றுகிறவனுக்கு மோகம் தெளிந்திருக்கிறது. கொடுக்க வேண்டியதையும் செய்ய வேண்டியதையும் கடன் என்ற ஒரே சொல்லால் நம் முன்னோர் குறித்தது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. மலிவாக வாங்கிய நண்பரிடம் காரோடு வந்து சேர்ந்தது, விலை குறையாத அந்தக் கடன்தான்.

“விற்றுவிடுங்களேன்” என்று நான் சொன்னபோது, “விற்கலாம், வாங்குகிறவர் வாசலிலும் ஒரு காலை இது படுத்துக் கிடக்குமே, அதைச் சொல்லாமல் எப்படி விற்பது?” என்று கேட்டார். சென்ற வாரம் போயிருந்தபோது கார் நிமிர்ந்து நின்றது. திண்ணையில் அமர்ந்து, புதிய காற்றுப் பைகள் பொருத்திய தேதியையும், கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றிய கிலோமீட்டரையும், தமக்குப் பின் அதை வாங்கப்போகிறவருக்காக ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.