கூட்டைக் காத்தலும் கொல்லாமையும்

தேன் உண்பது அறமா என்பது இந்தியச் சமய மரபுகள் நெடுங்காலமாக எழுப்பிவரும் கேள்வி. தேனீயைக் காப்பதற்காக வேறோர் உயிரைக் கொல்வது அறமா என்பதோ, தேனீ மனிதன் செய்த பெட்டியில் குடியேற்றப்பட்ட பின்னர் அக்கேள்வியிலிருந்து கிளைத்தது. சமண இல்லறத்தார் விலக்க வேண்டியவற்றுள் கள், ஊன் ஆகியவற்றோடு தேனும் சேர்த்து எண்ணப்படுகிறது. பத்தாம் நூற்றாண்டின் திகம்பர ஆசாரியரான அமிர்தசந்திரர், கூட்டிலிருந்து தானே சொட்டிய தேனை உண்பதும் அதைச் சார்ந்து வாழும் சிற்றுயிர்களின் அழிவால் இம்சையே ஆகும் என்று ‘புருஷார்த்த சித்தியுபாயம்’ என்ற நூலில் கொள்கிறார். பௌத்தம் தேனைத் துறவியருக்குரிய ஐந்து மருந்துப் பொருள்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. எனினும் பாரிலேயக வனத்தில் குரங்கு கொணர்ந்த தேனடையைப் புத்தர் உடனே உண்ணவில்லை என்றும், குரங்கு அடையைத் திருப்பிப் பார்த்து அதில் ஒட்டியிருந்த முட்டைகளை அகற்றிய பின்னரே உண்டார் என்றும் தம்மபத உரைக்கதை கூறுகிறது.

அடையைப் பிழிந்து தேன் எடுத்த காலத்தில் புழுவும் கூட்டுப்புழுவும் தேனோடு சேர்ந்து நசுங்கின என்பதால், மேற்கண்ட விலக்குகளின் நியாயம் கண்கூடாக இருந்தது. 1910களில் திருச்சிராப்பள்ளியில் பாதிரியார் நியூட்டன், அடுக்குத் தேனீ எனப்படும் இந்தியத் தேனீயின் உடலளவுக்கு ஏற்பச் சட்டங்கள் கொண்ட பெட்டியை வடிவமைத்தபோது, புழுக்கள் வளரும் அறை கீழும் தேன் சேரும் அறை மேலுமாகப் பிரிந்தன. தேனடையைச் சுழற்றித் தேனை மட்டும் பிரித்தெடுக்கவும் வழி பிறந்தது. பிழிவதால் நேர்ந்த கொலை இவ்வாறு நீங்கினாலும், காவல் என்ற கடமையும் அதனோடு வேறொரு கொலையும் பெட்டி வைத்தவரின் கைக்கு வந்து சேர்ந்தன.

அக்கொலையின் முதல் இலக்கு மெழுகு அந்துப்பூச்சியின் புழு. தாய் அந்து இரவில் கூட்டினுள் நுழைந்து இடுக்குகளில் முட்டையிடுகிறது. பொரிந்து வரும் புழு அடையின் நடுச்சுவரைக் குடைந்து, செல்லும் வழியெங்கும் நூலாம்படை போன்ற பட்டிழையைப் பின்னிக்கொண்டே போகிறது. தேனீப் புழுக்கள் கழித்த தோலும் மகரந்தத் துணுக்குகளும் தங்கியிருக்கும் கறுத்த பழைய அடைதான் அதற்கு உகந்த உணவு. காட்டில், தேனீ கைவிட்டுப் போன கூட்டை அரித்துத் தூய்மை செய்யும் தொழிலை இதே புழு செய்கிறது. ஆட்பலம் மிகுந்த தேனீக் குடும்பம் புழுவைத் தானே இழுத்து வெளியேற்றிவிடும். பசியால் மெலிந்து, தன்னால் மூடிக் காக்க முடியாத அளவுக்கு அடை மிகுந்திருக்கும் குடும்பமே அதற்கு இரையாகிறது.

பல தேனீக்களைக் காக்கச் சில புழுக்களைக் கொல்லலாம் என்ற எளிய கணக்கு இங்கு எழுவது இயல்பு. பிற உயிரைக் கொல்லும் விலங்கொன்றைக் கொன்றால் பல உயிர்கள் பிழைக்கும் என்று எண்ணிக் கொல்லலாகாது என்று அமிர்தசந்திரர் இக்கணக்கை நேரடியாகவே மறுக்கிறார். அவருக்கு முற்பட்ட உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், பிரமாதம் கொண்ட செயலால் உயிருக்கு ஊறு விளைவிப்பதே இம்சை என வரையறுக்கிறது. ‘பிரமாதம்’ என்பது இன்றைய பேச்சு வழக்கின் ‘மிகச் சிறப்பு’ என்ற பொருளில் இங்கு வரவில்லை. விழிப்பின்மை, அசட்டை என்பதே அதன் பொருள். விழிப்பின்றி நடப்பவனிடம், உயிர் மடிந்தாலும் மடியாவிட்டாலும் இம்சை இருக்கவே செய்கிறது என்று அமிர்தசந்திரர் இதனை மேலும் விரிக்கிறார்.

இவ்வரையறையைத் தேனீப் பெட்டியின்மேல் வைத்துப் பார்த்தால், குற்றம் பிறக்கும் நேரமே மாறிவிடுகிறது. அடிப்பலகையில் உதிர்ந்த மெழுகுத் தூளைக் கூட்டி எடுக்காமல், பூ இல்லாத மாதங்களில் சர்க்கரைப் பாகு வைக்காமல், வெற்று அடைகளை அகற்றாமல், விரிசலை அடைக்காமல் விட்டவர், பின்னர் ஒருநாள் புழுவை நசுக்கும்போதுதான் இம்சை தொடங்குகிறது என்று சொல்ல இயலாது. பெட்டியைத் திறந்து பாராத வாரங்களிலேயே அது தொடங்கிவிட்டது. பெட்டித் தாங்கியின் கால்களை நீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது இதற்கு நல்ல எதிர்ச்சான்று: எறும்பு வாராமல் தடுக்கப்படுகிறதே அன்றி, அதனைத் தேடிச் சென்று கொல்லவேண்டிய தேவை எழுவதில்லை.

விழிப்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் கொள்வதற்கில்லை. 1991-92இல் தென்னிந்தியாவில் பரவி, அடுக்குத் தேனீக் குடும்பங்களைப் பெருமளவில் அழித்த தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய்க்கு மருந்து இல்லை. நோயுற்ற புழு, நீர் நிறைந்த பைபோலாகித் தலை நிமிர்ந்த நிலையில் அறைக்குள்ளேயே மடிகிறது. அமெரிக்கப் புழு அழுகல் நோயின் பாக்டீரியா வித்துகள் பல பத்தாண்டுகள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியவை என்பதால், இங்கிலாந்தில் அந்நோய் கண்ட குடும்பத்தைக் கொன்று அடைகளோடு குழியிலிட்டு எரிப்பது வழக்கம். இத்தகைய முட்டுச்சந்தில் காந்தியடிகளின் நிலைப்பாடு துணைபுரிகிறது. 1926இல் அகமதாபாத்தில் தெருநாய்களைக் கொன்றது பற்றிச் சமணர் உள்ளிட்டோர் எதிர்ப்பு எழுப்பியபோது, வேறு வழியற்ற இடத்தில் அக்கொலை கடமையாகலாம் என்று கூறிய அவர், அதைப் புண்ணியமாக்கவில்லை. நாய்களைப் பொறுப்பேற்பாரின்றித் திரியவிட்ட சமூகத்தின் மீதே பழியை வைத்தார்.

காட்டுக் கூட்டுக்கு மனிதன் காவலனல்லன். அங்கு அந்தும் தேனீயும் தத்தம் வழியில் வாழ்ந்து மடிகின்றன. பெட்டி வைத்தவர் மட்டுமே அவ்வுறவின் நடுவே புகுந்து, தேனைப் பங்கிட்டுக்கொள்கிறார். ஆகவே, கடைசி வழியாக நேரும் கொலையைப் பாவமாகவே ஏற்று, அதற்கு இடம் தராத அன்றாடக் காவலை மேற்கொள்வது தேனில் பங்கு கொள்பவரின் கடன். அக்கடனை ஏற்க இயலாதவர் பெட்டி வைக்காதிருப்பதே அறம்.