சொற்குற்றமும் ஊர்த்தண்டமும்

கையால் அடித்தவனுக்கு இன்ன தண்டனை, களவு செய்தவனுக்கு இன்ன தண்டனை என்று வரையறுத்து வைத்த அரசுகள் யாவும், நாவினால் பிறரைப் புண்படுத்தியவனுக்குத் தண்டனை எவ்வளவு என்ற இடத்தில் தடுமாறியே வந்திருக்கின்றன. முற்காலத்தில் இத்தடுமாற்றத்தால் பெருங்கேடு விளைந்ததில்லை. ஒருவன் திண்ணையில் அமர்ந்து சொன்ன தகாத சொல் அத்தெருவோடு நின்றது. கேட்டவர் பத்துப்பேர், சினந்தவர் ஐவர், மறுவாரம் சந்தையில் அந்த ஐவருமே அவனோடு பேரம் பேசினர். இன்றோ, கைப்பேசியில் எழுதிய ஒரு வரியை ஒரே இரவில் பல்லாயிரவர் படிக்கின்றனர். படித்தவர் ஒவ்வொருவரும் ஒரு பிடி மண்ணை வாரித் தூற்றுகின்றனர். ஒரு பிடி மண் யாரையும் கொல்லாது. பல்லாயிரம் பிடி சேர்ந்தால் ஆள் புதைந்துபோவான்.

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்துக் கேரளப் பெருவெள்ளத்தை நம் அன்பர்கள் மறந்திரார். இடுக்கியில் செறுதோணி அணையின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. மலைச்சரிவுகளில் வீடுகள் மண்ணோடு போயின. மாநிலம் முழுவதிலும் 400-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நாட்களில், நிவாரண முகாம்களிலுள்ள பெண்களுக்கு நாப்கின் அனுப்பி உதவுமாறு முகநூலில் வேண்டுகோள் வந்தது. ஓமன் நாட்டில் ஒரு பெருவணிக நிறுவனத்தில் வேலை செய்துவந்த மலையாளி ஒருவர் அது குறித்து ஆபாசமான பரிகாசம் ஒன்றை எழுதினார். அச்சொல் இழிவானது, அதனை நியாயப்படுத்த நாம் வரவில்லை. குடிமயக்கத்தில் எழுதிவிட்டதாகக் கூறி, அவரே முகம் காட்டி மன்னிப்பு வேண்டினார். ஆனால் அவருடைய பெயரும் படமும் வேலை செய்யும் இடமும் எங்கும் பரவிவிட்டன. நிறுவனம் அவரை வேலையினின்று நீக்கியது. நீக்கியது சரியே என்று மகிழ்ந்தவர் பலர். கடல் கடந்த வேலை ஒன்று போவதென்றால் அதனோடு என்னென்ன போகும் என்பதைப் பாலக்காட்டு வீடுகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வட்டிக்கு வாங்கிய பணம் சினம் தணியும்வரை காத்திராது.

இதற்கு ஓராண்டு முன்னர், 2017 ஏப்ரலில், இடுக்கி மாவட்டத்தில் மற்றொரு சொல் பேசப்பட்டது. பேசியவர் அப்போது மின்துறை அமைச்சராயிருந்த எம். எம். மணி. பேச்சுக்கு இலக்கானவர் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளரின் ‘பெம்பிளை ஒருமை’ இயக்கத்தினர். 2015 செப்டம்பரில், குறைக்கப்பட்ட போனஸைத் திரும்பக் கேட்டு, தொழிற்சங்கத் தலைவர்களையும் விலகி நிற்கச் சொல்லிவிட்டு, ஒன்பது நாள் மூணாற்றுச் சாலையில் அமர்ந்து, கேட்ட 20 விழுக்காட்டைப் பெற்ற பெண்கள் அவர்கள். தமிழ் பேசுவோர், பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். அப்போராட்ட நாட்களைச் சுட்டி அமைச்சர் மேடையில் பேசியது பெண்களின் மானத்தைப் பழிப்பதாகும் என்று எங்கும் கண்டனம் எழுந்தது. தம் பேச்சு திரிக்கப்பட்டது என்றார் அமைச்சர், வருத்தமும் தெரிவித்தார். அவருடைய கட்சி அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தது. பதவி போகவில்லை. 2021 தேர்தலில் உடும்பன்சோலைத் தொகுதியில் அவரே மீண்டும் வென்றார்.

அமைச்சர் தண்டிக்கப்படவில்லையே என்று புலம்புவது நமது நோக்கமன்று. அது வாக்காளர் பொறுப்பு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கவே வேண்டுகிறோம். ஓர் அமைச்சரின் வாய்ச்சொல் மலையில் கூலிக்குக் கொழுந்து கிள்ளும் பெண்ணின் நற்பெயரைக் கெடுக்க வல்லது. வெளிநாட்டில் குடித்துவிட்டு ஒருவன் எழுதிய வரிக்கு அவ்வலிமை ஏது? தீங்கு பெரிதான இடத்தில் தண்டம் சிறிது. தீங்கு சிறிதான இடத்திலோ தண்டம் ஒருவனின் பிழைப்பையே விழுங்கிற்று. கூட்டத்தின் சினம் குற்றத்தின் அளவைப் பார்ப்பதில்லை; எங்கே எளிதில் பலிக்குமோ அங்கே பாய்கிறது. கட்சியும் காவலும் உடையவன்மேல் பட்டால் வழுக்கி விழுகிறது. கைக்கு எட்டுகிறவன் கடைச்சிப்பந்தியும் வங்கி எழுத்தனுமே.

இது கேரளத்து வழக்கம் மட்டுமன்று. 2013 டிசம்பரில் லண்டனிலிருந்து கேப்டவுனுக்கு விமானம் ஏறிய பெண் ஒருத்தி, ஏறுமுன் ஆப்பிரிக்காவையும் எய்ட்ஸ் நோயையும் இணைத்து ஒரு பொல்லாத பரிகாசம் எழுதினாள். அவள் எழுதுவதைப் படிப்பதாகப் பதிந்திருந்தவர் 170 பேர். அவள் 11 மணி நேரம் வானில் உறங்கிக்கொண்டிருக்க, கீழே உலகம் அவள் விமானம் இறங்கும் நேரத்தைக் கணக்கிட்டுக் காத்திருந்தது, திருவிழாவுக்குக் காத்திருப்பதுபோல. வேலை போயிற்று. இதில் நமக்குக் கவலை தருவது அந்தத் திருவிழா மகிழ்ச்சியே. அநீதி கண்டு பதைக்கும் உள்ளத்தில் மகிழ்ச்சிக்கு இடம் ஏது?

இனி நம்மவர்க்கே உரிய ஒரு செய்தியைச் சொல்வோம். ஊர் ஒன்றுகூடி ஒருவனை ஒதுக்குவது என்றால் என்ன என்பது நமக்குப் புத்தகத்தில் படித்த சங்கதியன்று. நாவிதன் வரான், கடையில் அரிசி கிடையாது, கிணற்றங்கரை இல்லை, வயலில் வேலை இல்லை. எவனும் தனியாகக் கொடுமை செய்வதில்லை. ஒவ்வொருவனும் ‘ஊர் முடிவு’ என்பான். பாலக்காட்டு எல்லையில், முதலமடை ஊராட்சியைச் சேர்ந்த கோவிந்தாபுரத்து அம்பேத்கர் குடியிருப்பில் வாழும் சக்கிலியர் மக்கள், தேநீர்க்கடையில் தனிக்குவளை என்றும் தண்ணீர்க் குழாயில் ஒதுக்கம் என்றும் முறையிட்டது 2017 ஜூனில்தான் கேரளத்தார் செவியில் ஏறிற்று. பாபாசாகேப் அம்பேத்கர் வட்டமேசை மாநாட்டில் வைத்த பாதுகாப்புத் திட்டத்தில், இவ்வித பகிஷ்காரத்தைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்று கேட்டார். அதற்கு அவர் மாதிரியாகக் கொண்டது பர்மாவின் 1922-ஆம் ஆண்டுப் பகிஷ்கார எதிர்ப்புச் சட்டம். வீடு தர மறுத்தல், கூலிக்கு வேலை செய்ய மறுத்தல், கொடுக்கல் வாங்கலை நிறுத்துதல், உறவாடலை விலக்குதல் என்று பகிஷ்காரத்தின் உறுப்புகளை அத்திட்டம் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறது. அப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, கைப்பேசிக் கூட்டம் ஒருவனுக்குச் செய்வதை ஒத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு தவிர யாவும் பொருந்தும். சாதியின் பேரால் வந்தபோது நாம் குற்றம் என்றதனை, நற்குணத்தின் பேரால் வரும்போது நியாயம் என்று எங்ஙனம் சொல்வோம்?

இவ்விடத்தில் அன்பர் சிலர் நம்மை மறித்து வினவக்கூடும். வலியோனுக்கு வழக்கறிஞர் உண்டு, பத்திரிகை உண்டு. எளியோனுக்குக் கூச்சல் ஒன்றே துணை. அதையும் பறிக்கிறீரோ என்பர். இவ்வினாவை நாம் இலேசாகத் தள்ளமாட்டோம். அட்டப்பாடி முக்காலியில் 2018 பிப்ரவரி 22-ஆம் நாள், அரிசி திருடினான் என்று சொல்லி மது என்னும் பழங்குடி இளைஞனை ஒரு கூட்டம் கைகளைக் கட்டி அடித்தது. காவலரிடம் ஒப்படைக்கப்பட்டபின் வழியில் அவன் உயிர் போயிற்று. நாடெங்கும் எழுந்த கூச்சல் இல்லாதிருந்தால் அச்சாவு என்னவாகியிருக்கும்? சாட்சிகள் பலர் பிறழ்ந்த பின்னும் 2023 ஏப்ரலில் மண்ணார்க்காட்டு நீதிமன்றம் 16 பேரில் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்து, 13 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது. கூச்சலால் வந்த நன்மை அது, மறுப்பாரில்லை.

ஆயினும் அதே நிகழ்ச்சியின் மறுபக்கத்தையும் காணவேண்டும். கட்டுண்டு நின்ற மதுவின் அருகே நின்று தம் படத்தையும் சேர்த்து எடுத்துப் பரப்பியவர்கள், தாங்கள் கொலை செய்வதாக எண்ணவில்லை. திருடன் ஒருவனை ஊருக்குக் காட்டுவதாகவே எண்ணினர். அவர்கள் கண்ணிலும் அது நியாயம். விசாரணை இல்லை, அவன் பசியைக் கேட்டவர் இல்லை. பார்ப்பதற்கு ஆள் இருந்தது, அவ்வளவே.

ஆகவே கூச்சல் யாவும் தீது என்று நாம் கூறவில்லை. உறங்கும் காவல் நிலையத்தையும் நீதிமன்றத்தையும் எழுப்புவதற்கு இடும் கூச்சல் ஒன்று. அவற்றின் வேலையைத் தானே செய்துமுடிக்க முனையும் கூச்சல் வேறொன்று. சாதி சொல்லி இழிவுபடுத்துவோனுக்கு 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. வேண்டுமென்றே சொன்னானா, பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சொன்னானா என்று அது கேட்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை என்று எல்லை வகுக்கிறது. அச்சட்டத்தை நாம் தளரவிடலாகாது. மற்றபடி, நெஞ்சில் ஈரமின்றிப் பேசப்படும் சொல் ஒவ்வொன்றையும் சட்டத்தால் அடக்கிவிடலாம் என்பதும் வீண். கேரள அரசு 2020 நவம்பரில் காவல் சட்டத்தில் 118-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, பழிச்சொல் பரப்புவோர்க்கு மூன்றாண்டுவரை சிறை என்றது. எழுதுவோர் வாயெல்லாம் கட்டப்படும் என்ற அச்சம் எழவே, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது.

சட்டத்துக்கும் கூச்சலுக்கும் இடையே வேறு வழி உண்டா? விநயத்தில் சுல்லவக்கம் கூறும் ஒரு வரலாறு நமக்கு வழிகாட்டுகிறது. மச்சிகாசண்டம் என்னும் ஊரில் சித்தர் என்ற இல்லறத்தார் கட்டிய விகாரையில் சுதம்மர் என்ற பிக்கு வாழ்ந்தார். சாரிபுத்தர் முதலிய தேரர்கள் அவ்வூர்க்கு வந்தபோது, சுதம்மரை முன்னதாகக் கேளாமல் சித்தர் அவர்களை உணவுக்கு அழைத்துவிட்டார். சுதம்மர் மனம் புழுங்கினார். மறுநாள் உணவு வகைகளை வந்து பார்த்துவிட்டு, எல்லாம் இருக்கிறது, எள்ளடை ஒன்றுதான் இல்லை என்றார். கேட்பவர்க்கு அது சாதாரணச் சொல். சித்தரின் முன்னோர் அடை விற்றவர் என்பது உரைகாரர் தரும் விளக்கம். ஆக, பிறப்பைக் குத்திய சொல் அது. நம்மவர் நாள்தோறும் கேட்கும் இனத்தைச் சேர்ந்தது. மலையில் தமிழனைப் பார்த்துப் ‘பாண்டி’ என்பானே, அதே இனம்.

பகவன் என் செய்தார்? சுதம்மரைக் கடிந்தார். சங்கம் அவரை நேரில் வைத்து, குற்றத்தை எடுத்துரைத்து, முறைப்படி ஒரு தீர்ப்புச் செய்தது: அவர் மச்சிகாசண்டத்துக்குத் திரும்பிச் சென்று சித்தரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். விகாரையை விட்டுத் துரத்தவில்லை, சீவரத்தைப் பறிக்கவில்லை. குற்றவாளி எதிரில் இல்லாமலும், அவனைக் கேளாமலும், அவன் ஒப்பாமலும் செய்யும் அத்தகைய தீர்ப்பு செல்லாது என்றும் விநயம் வகுத்தது. ஊரெல்லாம் பறையறைவதும் இல்லை. புண்பட்டவர் யாரோ அவரிடமே போகவேண்டும். 2017-இல் மூணாற்றுப் பெண்கள், பதவி விலக வேண்டும் என்பதோடு, அமைச்சர் நேரில் வந்து எங்களிடம் மன்னிப்புக் கேட்கட்டும் என்று சாலையில் அமர்ந்தார்களே, அக்கோரிக்கையின் பிற்பாதி விநயத்தின் வழியிலேயே இருந்தது. விநயம் படித்து அவர்கள் கேட்கவில்லை. பழிக்கப்பட்டவர்க்கு இயல்பாகத் தோன்றும் நியாயம் அதுவே என்பது எமது எண்ணம். ஓமன் நாட்டு ஊழியரை வேலை நீக்கச் சொன்னவர்களில் வெள்ளத்து முகாமில் ஈரத்தரையில் கிடந்த பெண்கள் எத்தனை பேர்? அவர்கள் என்ன வேண்டினார்கள் என்று யாரேனும் கேட்டதுண்டோ?

வரலாற்றில் இன்னும் சிறிது உண்டு. சுதம்மர் சென்றார், ஆனால் சித்தரைக் கண்டதும் வெட்கம் மேலிட, வாய் திறவாமலே திரும்பிவிட்டார். இன்றைய கூட்டமாயின் இதனை இரண்டாங்குற்றமாக எழுதிக்கொண்டு தண்டத்தை இரட்டித்திருக்கும். பகவனோ, துணைக்கு ஒரு பிக்குவை அவரோடு அனுப்புமாறு பணித்தார். சுதம்மரின் சொல்லுக்குச் சித்தர் இரங்காவிடில், துணைவர் அவர்பொருட்டு வேண்டவேண்டும். அதற்கும் இரங்காவிடில் சங்கத்தின் பெயரால் வேண்டவேண்டும். சுதம்மர் மீண்டும் சென்றார், சித்தர் மன்னித்தார். பின்னர் சுதம்மர் பணிந்து ஒழுகியதைக் கண்டு, சங்கம் தான் விதித்த தீர்ப்பைத் தானே நீக்கியது.

எல்லைப்புறத்து நம் சங்கங்களிலும் வாட்ஸ்அப் குழுக்கள் உள்ளன. தகாத சொல் ஒன்றை எழுதியவரின் படமும் கைப்பேசி எண்ணும் அவற்றில் வந்து விழுவதுண்டு, எல்லோரும் அழைத்துக் கேளுங்கள் என்ற குறிப்போடு. அப்பொழுது செய்யத்தக்கது, எண்ணை மேலும் பரப்பாமல் நிறுத்துவது. பிறகு, எழுதியவரை அறிந்த ஒருவர் நம்மில் இருப்பின் அவரை அனுப்புவது. சொல் யாரைச் சுட்டதோ அவர் வீட்டிலும் ஒருவர் சென்று, அவர் என்ன விரும்புகிறார் என்று கேட்பது. சாதி சொல்லி வைதிருந்தால் எழுத்து மூலமாகக் காவல் நிலையத்துக்குப் போவது. இவற்றுக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும்; பேருந்துக் கட்டணமும் ஆகும்.