சுத்தியல் விழுந்த விலை

போன மாதம் ஏலத்தில் ஒரு கட்டு வாழைமர நோட்டு வாங்கினேன். ஜப்பான் காலத்தில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் ஓடிய பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் போட்டிருக்கும். அதனால் அந்தப் பெயர். முதலில் அச்சிட்டவற்றில் வரிசை எண் உண்டு. அப்புறம் பணம் போதாமல் அடித்துத் தள்ளியபோது எண் போடுவதையே விட்டுவிட்டார்கள். சேகரிக்கிறவர்கள் தேடுவது எண் உள்ளதை. என் கட்டில் அப்படி மூன்று இருந்தன.

"எவ்வளவுப்பா?" என்று அம்மா கேட்டார்.

"முந்நூறு வெள்ளி."

"செல்லாத காசுக்கா?"

அம்மாவின் கேள்வி நியாயமானது. 1945இல் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் இந்த நோட்டு செல்லாது என்றார்கள். பெட்டி பெட்டியாக வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் வெறும் காகிதக்காரர்கள் ஆனார்கள். பிள்ளைகள் அதை வைத்து விளையாடியதாகப் பாட்டி சொல்வார். ஆனால் நான் இங்கே எழுத வந்தது என்னுடைய பதிலைப் பற்றி. அது பொய்.

ஏலக்காரர் சுத்தியலைத் தட்டியது முந்நூறில்தான். இரண்டு நாள் கழித்து இன்வாய்ஸ் வந்தது. 300க்கு மேல் வாங்குபவர் கட்டணம் 20 விழுக்காடு, 60 வெள்ளி. அந்த அறுபதின்மேல் ஜிஎஸ்டி 9 விழுக்காடு, 5.40. நேரில் போகாமல் இணையத்தில் கேட்டதால் அந்தத் தளத்துக்கு 5 விழுக்காடு, 15. கூரியரும் காப்புறுதியும் 22. மொத்தம் 402 வெள்ளி 40 காசு.

ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. எல்லாம் விதிமுறைப் பக்கத்தில் எழுதியிருந்தது. நான் படித்தும் இருந்தேன். வேலையில் நாள் முழுக்க ஸ்பெக் படிக்கிறவன், சின்ன எழுத்தைத் தாண்டிப் போகமாட்டேன். ஏலத்துக்கு முந்தின இரவு, எல்லாம் சேர்த்து முந்நூறுக்கு மேல் போகக்கூடாது என்று முடிவெடுத்திருந்தேன். அப்படியானால் ஏறக்குறைய 220இல் நிறுத்தியிருக்க வேண்டும். மறுநாள் திரையில் 240, 260 என்று ஏறியபோது என் மனசு பேரம் பேசியது அந்த எண்ணோடுதான். கட்டணங்கள் வேறு யாரோ கட்டப்போகிறவை மாதிரி தெரிந்தன. தெரிந்தே ஒருவன் ஏமாற முடியுமா என்றால், முடியும். நான் ஏமாந்தேன்.

இது நமக்குப் பழக்கமானதும்கூட. உணவகத்தில் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும், பிளஸ் பிளஸ். சேவைக் கட்டணம் 10, ஜிஎஸ்டி 9. சாப்பிடும்போது யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் உணவகத்தில் அந்தக் கறியை விற்கிறவரே உணவகக்காரர்தான். ஏலத்தில் அப்படியில்லை. அங்கே விற்கிறவர் ஒருவர், வாங்குகிறவர் ஒருவர், நடுவில் ஏல நிறுவனம். நடுவில் இருப்பவர் இரண்டு பக்கமும் வாங்குகிறார்.

அதே நிறுவனம் விற்பவரிடம் 15 விழுக்காடு எடுக்கிறது. ஆக என் நோட்டுக் கட்டை விற்றவருக்குப் போனது 255 வெள்ளி. நான் கொடுத்தது 402.40. அரங்கத்தில் எல்லாரும் கேட்ட முந்நூறை யாரும் கொடுக்கவும் இல்லை, யாரும் பெறவும் இல்லை. இடையில் போனது 147.40.

இடையில் போனதெல்லாம் அநியாயம் என்று நான் நினைக்கவில்லை. நோட்டு அசலா என்று பார்க்க ஆள் வேண்டும், படம் எடுக்க வேண்டும், பட்டியல் போட வேண்டும், பத்திரமாக வைத்திருக்க வேண்டும். உழைப்புக்குக் கூலி உண்டு. அதை ஏன் இரண்டாக உடைத்து, ஒரு பாதியைச் சுத்தியல் தட்டிய பிறகு காட்ட வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

லண்டனில் கிறிஸ்டீஸும் சாத்பீஸும் 1975இல் வாங்குபவரிடம் 10 விழுக்காடு கேட்க ஆரம்பித்தபோது வியாபாரிகள் கொதித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. கட்டணத்தை வாங்குபவர் தலையில் வைத்தால், கணக்குத் தெரிந்த வாங்குபவர் அதைக் கழித்துக்கொண்டுதான் கேட்பார். நான் ஒழுங்காக 220இல் நின்று, மற்றவர்களும் அப்படியே நின்றிருந்தால், விற்றவருக்கு 15 விழுக்காடு போக 187 வெள்ளிதான் கிடைத்திருக்கும். வாங்குபவர் கட்டணம் என்று பெயர், கட்டுவது விற்பவர். வாங்குகிறவர் என்னை மாதிரி அசந்தவராக இருந்தால் மட்டும் அவரே கட்டுவார். இருவரில் யார் கட்டினாலும் நடுவில் இருப்பவருக்கு ஒன்றுதான்.

அதே இரண்டு நிறுவனங்கள் 1990களில் விற்பவர்களிடம் வாங்கும் கமிஷனைத் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டது பிறகு வெளியே வந்தது. சாத்பீஸின் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் டாப்மன் 2001இல் குற்றவாளி என்று தீர்ப்பாகிச் சிறைக்குப் போனார். வாடிக்கையாளர்களுக்கு இழப்பீடாக 512 மில்லியன் அமெரிக்க டாலர் தர இரண்டு நிறுவனமும் ஒத்துக்கொண்டன. பேசிவைத்தது குற்றம். விலையை இரண்டாக உடைப்பது குற்றமில்லை, இன்றைக்கும் நடக்கிறது.

பெரிய ஏலங்களில் ஒரு வேடிக்கை உண்டு. 2017இல் லியனார்டோவின் படம் என்று சொல்லப்படும் 'சால்வட்டோர் முண்டி' நியூயார்க்கில் ஏலம் போனது. சுத்தியல் விழுந்தது 400 மில்லியன் டாலரில். செய்தியில் வந்தது 450.3 மில்லியன். பெருமையடிக்க வேண்டிய இடத்தில் கட்டணத்தைச் சேர்த்துச் சொல்கிறார்கள். ஏலம் கேட்க வைக்கும்போது சேர்க்காமல் சொல்கிறார்கள். நானும் அம்மாவிடம் இதையேதான் செய்தேன். திட்டு வாங்காமலிருக்க எது வசதியோ அந்த எண்ணை எடுத்துக்கொண்டேன். அதே நோட்டை நண்பனிடம் காட்டும்போது "நானூறு மச்சான்" என்றேன்.

எனக்கு உறுத்துவது என் நூறு வெள்ளி இல்லை. ஏலப் பட்டியலில் 'பேராக் குடும்பம் ஒன்றின் சேமிப்பிலிருந்து' என்று ஒரு வரி இருந்தது. யார் என்று கேட்டேன், விற்பவர் விவரம் தரமாட்டோம் என்றார்கள். யாரோ ஒரு தாத்தா, ரப்பர் தோட்டத்திலோ ஈயச் சுரங்கத்திலோ உழைத்துச் சேர்த்தது. தோட்டத்துத் தமிழர்கள் கையிலும் அன்று இந்த ஜப்பான் நோட்டுதான் கூலியாக வந்தது. 1945இல் முழுசாகச் செல்லாமல் போன அந்தக் கூலி, எண்பது வருஷம் கழித்துக் கொஞ்சம் செல்லுபடியானபோது, அதிலும் பாதி வழியில் ஒரு கை நுழைந்திருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு யாராவது கணக்குப் போட்டுக் காட்டியிருப்பார்களா? 'முந்நூறுக்குப் போச்சு' என்று ஃபோனில் சொல்லியிருப்பார்கள். அவர்களும் வீட்டில் முந்நூறு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நேற்று இன்வாய்ஸை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு கீழே வரை படித்தார். "ஜிஎஸ்டி வேறயா இதுக்கு?" என்றார். பிறகு வரிசை எண் உள்ள நோட்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வாழைத்தார் நல்லா வரைஞ்சிருக்கான் என்றார்.