ஆறாவது ஆள்

உக்குவளையிலிருந்து கிழக்கே பார்த்தால் எல்கடுவ மலைகள் தெரியும். கீழே மிளகும் சாதிக்காயும் கொக்கோவும் ஒன்றோடொன்று பின்னி வளரும் தோட்டங்கள். ஏற ஏற அவை குறைந்து தேயிலை தொடங்கிவிடும். நமது மூத்த தலைமுறை அந்த மலைகளில் ஏறியது வியாபாரத்துக்காக. புடைவைப் பொட்டணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு லயம் லயமாகச் சென்று, சம்பள நாளைக் கணக்கு வைத்துக் கடனுக்குத் துணி விற்றவர்கள் அவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது அதே மலைகளில் சாப்பிடுவதற்காக ஏறுகிறார்கள். திருமண நாள், பட்டமளிப்பு, கட்டாரிலிருந்து மகன் வந்த சந்தோஷம், பரீட்சைப் பெறுபேறு என்று ஏதாவது ஒரு விசேஷம் இருக்கும்.

இது உக்குவளையில் மட்டும் நடப்பதல்ல. ஹுனாஸ் நீர்வீழ்ச்சிக்கு அருகிலுள்ள ஹோட்டல் நெடுங்காலமாகப் புதுமணத் தம்பதிகள் தேடிப் போகும் இடம். 1996இல் கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை ஹோட்டலாக மாறியது. அங்கே ஒரு பழைய ரயில் பெட்டியே விசேஷ சாப்பாட்டு அறை. 2005இல் பொகவந்தலாவைப் பக்கத்துத் துரை பங்களாக்கள் 'சிலோன் டீ ட்ரெயில்ஸ்' என்ற பெயரில் விருந்தினர் விடுதிகளாயின. அவற்றைப் பார்த்துச் சிறிய தோட்டங்களும் ஒரு பங்களாவைத் திருத்தி, வெள்ளை விரிப்பு விரித்து, முன்கூட்டியே சொன்னால் மட்டும் சமைக்கும் சாப்பாட்டு அறைகளைத் திறந்தன. எங்களுடைய 35ஆவது திருமண நாளுக்குப் பிள்ளைகள் அவ்வாறான ஓர் இடத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு ஒழுங்கு செய்திருந்தார்கள். அதன் பெயர் இங்கு அவசியமில்லை. நல்ல இடம், நல்ல மனிதர்கள்.

திருமண நாள் கொண்டாடுவது ஆகுமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல மௌலவிமார் இருக்கிறார்கள். எனக்குள் எழுந்தது வேறொரு கேள்வி. நாங்கள் அன்று சாப்பிட்டது ஒரு விருந்துதானா?

போவதற்கு முன் மகன் தொலைபேசியில் விசாரித்தான். கோழி எங்கே அறுத்தது, பன்றி இறைச்சி சமைக்கும் சட்டி வேறா, எங்கள் மேசைக்கு அருகில் மது பரிமாறுவார்களா என்றெல்லாம் கேட்டான். எல்லாவற்றுக்கும் திருப்தியான பதில் கிடைத்தது. கேட்க வேண்டிய கேள்விகள்தாம் அவை. 2013இல் ஹலால் சான்றிதழுக்கு எதிராக நாட்டில் கிளம்பிய கூச்சலில் ஜம்இய்யதுல் உலமா அப்பொறுப்பிலிருந்து விலக நேர்ந்ததையும், பின்னர் அது தனி நிறுவனமொன்றின் கைக்குப் போனதையும் நாம் மறக்கவில்லை. அந்தச் சச்சரவின் பின் ஹலால் என்ற சொல்லை நாம் மிகவும் கவனமாகப் பிடித்துக்கொண்டோம். ஆனால் பிடித்துக்கொண்டது அதன் ஒரு முனையைத்தான். கத்தியையும் போத்தலையும் தாண்டி நமது விசாரணை நகர்வதில்லை. இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் சாப்பாட்டு ஒழுங்குகளைச் சொல்லத் தொடங்கும்போதே, உணவு தன்னளவில் ஹலாலாக இருந்தால் மட்டும் போதாது, அது வந்த வழியும் தூய்மையாக இருக்க வேண்டும் என்கிறார். வந்த வழி என்பதில் அதைச் சமைத்தவன், சுமந்தவன், கொழுந்து பறித்தவள் எல்லோரும் அடங்குகிறார்கள் என்றே நான் வாசிக்கிறேன்.

சாப்பாடு ஆறு தவணையாக வந்தது. ஒரு மடக்கு பூசணி சூப். கராம்புப் புகை காட்டிய கோழி, விரல் நீளம். இடையில் வாயைச் சுத்தம் செய்ய ஒரு கரண்டி எலுமிச்சைப் பனி. பிறகு மீன், பிறகு ஆட்டிறைச்சி. கடைசியாக நெருப்புப் பெட்டி அளவில் ஒரு வட்டிலப்பம். அதைப் பார்த்ததும் என் மகள் சிரித்துவிட்டாள். பெருநாளைக்கு எங்கள் உம்மும்மா ஒரு பெரிய சட்டி நிறைய அவித்து வைப்பார். அந்தச் சட்டியைச் சுரண்டினாலே இதைவிட அதிகம் வரும். ஆனால் ருசி உண்மையிலேயே நன்றாக இருந்தது. இதையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது.

இப்படித் தவணை தவணையாகப் பரிமாறுவது வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு ஒட்டாதது என்று சொல்வது சுலபம். அது சரியுமல்ல. பக்தாதிலிருந்து புறப்பட்டு 822இல் குர்துபா வந்து சேர்ந்த இசைவாணர் ஸிர்யாப்தான் முதலில் சூப், பிறகு இறைச்சி, கடைசியில் இனிப்பு என்று மேசைக்கு ஒரு வரிசையைக் கொடுத்தார் எனச் சொல்வார்கள். ஐரோப்பாவின் பெரிய வீடுகளிலோ 19ஆம் நூற்றாண்டு வரையும் பதார்த்தங்களை ஒரேயடியாக மேசையில் பரப்பிவிடுவதே வழக்கம். ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவரும் முறையை அங்கு ரஷ்ய முறை என்றுதான் அழைத்தார்கள். ஆகவே அந்த ஆறு பீங்கான்களோடு எனக்குச் சண்டையில்லை. விலையோடும்கூடப் பெரிய சண்டையில்லை. மனிதன் வாழ்நாளில் ஓரிரு தடவை கையை மீறிச் செலவழிப்பதை வீண்விரயம் என்று உடனே முத்திரை குத்துகிற பிரசங்கம் எனக்கு எப்போதுமே ஒத்துவந்ததில்லை.

நெருடியது அங்கிருந்த அமைதி. அந்த அமைதியைத்தான் அவர்கள் முதன்மையாக விற்கிறார்கள். துரை பங்களா எப்போதுமே லயங்களுக்கு மேலே, காற்று வரும் பக்கமாக, தனித்திருக்கக் கட்டப்பட்டது. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலிகள் மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் கொலராவிலும் மாண்டவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல்தான். அப்படி வந்தவர்கள் காடு வெட்டி உண்டாக்கிய மலையில், அவர்களுடைய சத்தமும் அடுப்புப் புகையும் எட்டாத தூரத்தில் பங்களா நின்றது. துரை போய்விட்டார். அந்தத் தூரம் மட்டும் போகவில்லை. இன்று நாம் காசு கொடுத்து வாங்குவது அதைத்தான்.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் நீண்ட இழுபறிக்குப் பின் 2021இல் 1000 ரூபாவாகவும், 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாகவும் ஆனது. பெறுமதி சேர் வரி 18 வீதமும் சேவைக் கட்டணமும் சேர்ந்து வந்த எங்கள் பில்லை ஐந்தால் பிரித்துப் பார்த்தேன். ஒருவருடைய சாப்பாடு அந்த அடிப்படைச் சம்பளத்தில் ஏறக்குறைய பன்னிரண்டு நாள் வேலைக்குச் சமம். இந்தக் கணக்கை வைத்து ஒரு காரசாரமான கட்டுரையை முடித்துவிடலாம். மகன் என்னை அப்படி முடிக்க விடவில்லை. “வாப்பா, நாங்க போகாட்டி அந்தப் பொடியனுக்கு அந்த வேலையும் இல்லயே” என்றான். 2019இல் குண்டுவெடிப்புக்குப் பின்னும், 2020இல் கொரோனாவிலும், 2022இல் எரிபொருள் இல்லாமலும் ஹோட்டல்கள் வெறிச்சோடியபோது முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவ்வாறான பொடியன்மார்தான். அவன் சொன்னதில் நியாயமிருக்கிறது.

ஆனால் கூலியும் விருந்தும் ஒன்றல்லவே. தமிழில் விருந்து என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை, புதிதாக வந்தவர். சாப்பாட்டுக்கு அந்தப் பெயர் பிறகுதான் வந்தது. வந்தவர் முதல், சோறு பின்பு. அபூ ஷுஐப் என்ற அன்ஸாரித் தோழர் ரஸூலுல்லாஹ்வையும் சேர்த்து ஐந்து பேருக்கென்று சமைக்கச் செய்து அழைத்த சம்பவத்தை ஹதீஸ் நூல்களில் படித்திருப்பீர்கள். வழியில் அழைக்கப்படாத ஒருவர் பின்தொடர்ந்து வந்துவிடுகிறார். நபிகளார் அவரைத் திருப்பியனுப்பவுமில்லை, தாமாக உள்ளே அழைத்துப் போகவுமில்லை. இவர் எங்களைத் தொடர்ந்து வந்துவிட்டார், விரும்பினால் அனுமதியுங்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்கிறார். வீட்டுக்காரர் அனுமதிக்கிறார். இந்தச் சம்பவத்தில் எனக்குப் பிடித்தது, ஐந்து என்ற கணக்கு அங்கும் இருந்ததுதான். கணக்கு வைப்பது குற்றமல்ல. ஆனால் ஆறாவது ஆள் வந்தால் கேட்பதற்கு அங்கே ஒரு வீட்டுக்காரர் இருந்தார்.

எங்களுக்கும் ஆறாவது ஆள் இருந்தார். வேனை ஓட்டிவந்த பக்கத்து வீட்டுப் பொடியன். மேசை ஐந்து பேருக்குத்தான் முன்பதிவு. சாரதிமாருக்குப் பின்பக்கம் தனி அறையும் தனிச் சாப்பாடும் உண்டு என்று மிகுந்த மரியாதையோடு சொன்னார்கள். நமது நாட்டின் பெரிய ஹோட்டல்களில் இது பழகிப்போன ஏற்பாடு. மகன் இன்னொரு கதிரை கேட்டான். வெயிட்டர் உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, சமையல் ஐந்து பேருக்கு அளந்து செய்தது என்றார். அவரைக் குறைசொல்ல முடியாது. அனுமதிக்கும் அதிகாரம் உள்ள எவரும் அந்த வீட்டில் இல்லை. பணம் கொடுத்த நாங்களும் வீட்டுக்காரர் இல்லை, பணம் வாங்கிய அவர்களும் இல்லை. பொடியனோ, “எனக்கு அங்கனயே நல்லம் நானா” என்று மகனிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

இந்த இடத்தில் நம்மவர்கள் சஹனை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொள்வார்கள். ஒரே தட்டைச் சுற்றி ஆறு பேர். முதலாளிக்குப் பக்கத்தில் கூலிக்காரர், ஹாஜியாருக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் முஅத்தின். யார் பக்கத்தில் யார் என்று எவரும் தீர்மானிப்பதில்லை. ஒருவர் இறைச்சியை உடைத்து அடுத்தவர் பக்கம் தள்ளிவைப்பார். அந்தத் தள்ளிவைத்தலுக்கு ஈடான ஒன்றை எந்த ஹோட்டலும் கண்டுபிடிக்கவில்லை. சரிதான். ஆனால் நாம் கடைசியாகப் போன ஐந்து வலீமாக்களில் எத்தனையில் சஹன் இருந்தது? கண்டியிலோ மாத்தளையிலோ ஒரு மண்டபம், அட்டையில் ‘இருவருக்கு’ என்று அச்சிட்ட அழைப்பு, வாசலில் பெயர்ப்பட்டியலோடு ஒரு பொடியன். பணக்காரர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படுகிற வலீமாவின் உணவே மோசமான உணவு என்ற கருத்துள்ள ஹதீஸை அதே மண்டபத்தில் நிக்காஹ் பிரசங்கத்தில் கேட்டுவிட்டுத்தான் நாம் கை கழுவப் போகிறோம். துரை பங்களாவின் வாசல் அடைத்திருப்பதைக் கண்டிக்கும் தகுதி நமது வாசல்களுக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. எல்கடுவ மலைக்கு ஏறுவதற்கு முன்பே அந்தத் தூரத்தை நாம் ஊருக்குள் கொண்டுவந்துவிட்டோம்.

இதையெல்லாம் திரும்பி வரும் வழியில் நான் சொல்லிக்கொண்டு வந்தேன். என் மனைவி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “நீங்க சஹனப் பத்திப் பேசுங்க. முப்பத்தஞ்சு வருஷத்துல இன்டைக்கித்தான் நான் எடையில எழும்பாமச் சோறு தின்ட.”

இந்த ஒரு வசனத்துக்கு இஹ்யாவிலும் பதிலில்லை, ஸிர்யாபிடமும் இல்லை. ஆண்கள் வட்டமாக அமர்ந்து சமத்துவத்தை உண்ணும்போது, உள்ளே யாரோ சோறு வாரிக்கொண்டிருக்கிறார்கள், குழம்பு சூடாக்குகிறார்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த சஹனுக்குப் பப்படம் எண்ணுகிறார்கள். அவர்கள் முறை வரும்போது சோறு ஆறியிருக்கும், கோழியில் கழுத்தும் முதுகும் மிஞ்சியிருக்கும். திறந்த வாசல் என்று நாம் எழுதுகிற அந்தப் பழைய வீட்டின் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தவர்கள் பெண்கள். அதன் பாரமும் அவர்கள் மீதே இருந்தது. எத்தனை பேர் வந்தாலும் சோறு உண்டு என்று வாப்பாமார் வாசலில் நின்று சொல்வதற்கு முன் உம்மாமார் அடுப்படியில் ஒரு சுண்டு அரிசியைக் கூட்டிப் போட்டிருப்பார்கள். அந்த வீட்டில் ஆறாவது ஆளுக்கு எப்போதும் இடம் இருந்தது, சமைத்தவளுக்குத்தான் இருக்கவில்லை. பங்களாவில் எவரும் அவளை அழைக்கவில்லை என்பது என் வாதம். எவரும் அவளை எழுப்பவில்லை என்பது அவளுடைய வாதம். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தால் என்னுடையது கனமானது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆகவே அந்தச் சாப்பாட்டை வேண்டாத ஆடம்பரம் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. அவளுக்கு அது ஓய்வு, கூலி கொடுத்து வாங்கிய ஓய்வு. ஓய்வை வாங்குவதில் தவறில்லை. அதை விருந்து என்று அழைப்பதற்கு மட்டும் எனக்கு நா எழவில்லை. விருந்தில் அவளும் இருக்க வேண்டும், அந்தப் பொடியனும் இருக்க வேண்டும். ஒருவர் இருப்பதற்கு மற்றவர் வெளியேற வேண்டிய ஏற்பாடுகளையே நாம் மாறிமாறிச் செய்துகொண்டிருக்கிறோம்.

இளைய மகளின் வலீமா அடுத்த நோன்புக்கு முன் நடக்கவிருக்கிறது. வீட்டில் பேசிப் பேசி இரண்டு விடயங்கள் முடிவாயின. சஹன் வைப்பது, பெண்களின் சஹனை முதலில் வைத்து ஆண்கள் பரிமாறுவது. இரண்டாவதற்கு என் மச்சான்மாரிடமிருந்து வந்த முகச்சுளிப்பைத் தனியாக எழுத வேண்டும். மூன்றாவது விடயம் இன்னும் இழுபடுகிறது. ஊர்ப் பள்ளிவாசலில் பொதுவாக அறிவித்து யாரும் வரலாம் என்று சொல்ல வேண்டும் என்கிறேன் நான். அப்படியென்றால் எத்தனை கிலோ அரிசி போடுவது, யார் நின்று சமைப்பது என்று மனைவி கேட்கிறாள். மண்டபக்காரர் தலைக்கணக்குக் கேட்டு இரண்டு முறை தொலைபேசி எடுத்துவிட்டார். நாங்கள் இன்னும் கொடுக்கவில்லை.