பொருள் தெரியுமா என்று கேட்ட பிள்ளை

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!



காலையில் போனைத் திறந்தா ஒரு முருகன் படம். கீழே, 'இதை 11 பேருக்கு அனுப்பினால் மாலைக்குள் நல்ல செய்தி வரும், அனுப்பாவிட்டால்...' உங்களுக்கும் வந்திருக்கும். மிரட்டி ஆள் சேர்க்கிற அளவுக்கு நம்ம முருகனுக்கு என்ன குறை? சரி, அது கிடக்கட்டும். இன்னிக்கு நான் சொல்ல வந்தது, என் விரலால் நானே அனுப்பின ஒரு பார்வர்டைப் பற்றி.

போன செவ்வாய்க்கிழமை அம்பத்தூர்ல இருந்து சிறுவாபுரி போயிட்டு, அப்படியே பொன்னேரிக்குப் பக்கத்தில் ஆண்டார்குப்பமும் போனேன். போகாதவங்க ஒரு தடவை போங்க. அங்கே பாலசுப்பிரமணியர் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து அதிகாரமாக நிற்கிறார். பிரம்மாவை நிறுத்திக் கேள்வி கேட்ட இடம் அதுதான் என்கிறது தலபுராணம்.

கதை உங்களுக்குத் தெரியும். சின்னப் பிள்ளைதானே என்று கண்டுகொள்ளாமல் போன பிரம்மாவை முருகன் கூப்பிடுகிறார். "என்ன வேலை செய்றீங்க?" "படைக்கிறேன்." "எதை வைத்து?" "வேதத்தை வைத்து." "எங்கே, சொல்லுங்க." பிரம்மா 'ஓம்' என்று ஆரம்பிக்கிறார். "நிறுத்துங்க. அதுக்குப் பொருள் என்ன?" பிரம்மாவிடம் பதில் இல்லை. தலையில் ஒரு குட்டு, அப்புறம் சிறை. கந்தபுராணத்தில் கச்சியப்ப சிவாச்சாரியார் இதை விரிவாகவே பாடியிருக்கிறார்.

அகந்தைக்குக் கிடைத்த தண்டனை என்றுதான் பெரியவங்க சொல்லுவாங்க. சரிதான். ஆனா யோசிச்சுப் பாருங்க, பிரம்மா பொய் எதுவும் சொல்லலை. 'ஓம்' என்பதைவிட உண்மையான சொல் ஏது? அவ்வளவு உண்மையான சொல்லையே பொருள் தெரியாமல் சொன்னதுக்குச் சிறை. அப்போ பொய்யா மெய்யா என்றே தெரியாததைத் தள்ளிவிட்ட எனக்கு?

2018 ஏப்ரல் கடைசி. 'வடநாட்டில் இருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கு' என்று ஒரு குரல்பதிவு. அனுப்பினது எங்க சித்தி. சித்தி பொய் சொல்ல மாட்டாங்க, அதனால அது உண்மை. என் மூளை ஓடினது அவ்வளவு தூரம்தான். எங்க தெரு குரூப்பில் போட்டேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

மறுநாள் சாயங்காலம் எங்க தெருவில் பெட்ஷீட் விற்க வந்த ஒரு இந்திக்காரப் பையனைச் சுத்தி இருபது பேர். நானும் அதில் ஒருத்தன். ஒருத்தர் சட்டையைப் பிடிச்சாச்சு. அவனுக்குத் தமிழ் வரலை. மூட்டையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். அப்போ மூலை வீட்டு ஆயா, இடுப்பில் கையை வச்சுக்கிட்டு வந்து கேட்டாங்க: "ஏம்ப்பா, யாரு வீட்டுப் பிள்ளையைக் காணோம்?"

யாருக்கும் தெரியலை. எந்தத் தெரு, எந்த ஊர், எந்தப் பிள்ளை, ஒண்ணுமே தெரியலை. சட்டையைப் பிடிச்ச கை தானா இறங்கிச்சு.

அடுத்து வந்த மே 9-ஆம் தேதி செய்தி பார்த்தபோது எனக்குக் கை நடுங்கிடுச்சு. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர். குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன ஒரு சென்னைக் குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கு. பிள்ளை பிடிக்கிறவங்க என்று சொல்லி ஊரே சேர்ந்து அடிச்சதில், 65 வயது அம்மா ஒருத்தங்க இறந்தே போயிட்டாங்க. அதே மாதம் பழவேற்காட்டிலும் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டாங்க. பழவேற்காடு எங்கே இருக்கு? ஆண்டார்குப்பத்தைத் தாண்டி, பொன்னேரி வழியா அதே பக்கம்தான் போகணும்.

முன்னாடி ஒரு சேதி சொல்லணும்னா பக்கத்து வீடு வரைக்கும் நடக்கணும். அவங்க முகத்தைப் பார்க்கணும். "யாரு சொன்னா? நீ பார்த்தியா?" என்று அவங்க கேட்பாங்க. அந்தக் கேள்வியைத்தான் இந்தப் பட்டன் தின்னுடுச்சு. அந்தக் கம்பெனிக்கே பயம் வந்து, 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து சாட்டுக்கு மேல் அனுப்ப முடியாதபடி குறைச்சாங்க. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்றாங்க. இரட்டை அம்புக்குறி போட்டு வருதே, அதுதான். ஆனா அது வேகத்தைத்தான் குறைக்கும். பொருள் கேட்காது.

இப்போ எது வந்தாலும் அனுப்பினவங்களுக்கு ஒரு போன் போடுறேன். "சித்தி, இது யாரு சொன்னது?" பாதி நேரம் கோபப்படுறாங்க. படட்டும்.

அன்னிக்கு ஆயா அந்தப் பையனுக்குத் தண்ணி கொடுத்து, ஒரு பெட்ஷீட்டும் வாங்கினாங்க. மன்னிப்புக் கேட்கணும் என்று நான் கிட்டப் போறதுக்குள்ள அவன் மூட்டையைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டான். அப்புறம் எங்க தெருப் பக்கம் அவன் வரவே இல்லை.

வேலும் மயிலும் துணை. முருகா சரணம்.