பிழைப்பாரா என்பது வேறு கேள்வி

நான் சிவகாசியை ஒட்டிய திருத்தங்கலில் பிறந்தவள். தீக்காய வார்டில் செவிலியராக வேலை பார்த்தவள். எங்கள் பக்கத்தில் பட்டாசு ஆலை வெடித்தால், செய்தியில் முதல் நாள் இறந்தவர்கள் இத்தனை பேர் என்று ஓர் எண் வரும். அடுத்தடுத்த நாட்களில் அது ஏறிக்கொண்டே போகும். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சன்குளத்தில் நடந்த விபத்தில், அன்றைக்குச் சொன்ன எண்ணிக்கை மறுநாளே வெகுவாக உயர்ந்தது.

முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் நடுவில் சில மனிதர்கள் கட்டிலில் படுத்திருக்கிறார்கள். பேசுகிறார்கள், தண்ணீர் கேட்கிறார்கள், பிள்ளை சாப்பிட்டதா என்று விசாரிக்கிறார்கள். அவர்களில் சிலர் பிழைக்க மாட்டார்கள் என்று வார்டுக்குத் தெரியும். தெரிந்த பிறகு அவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது என்ன? வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து என்னை விடாத கேள்வி இது.

ஆம்புலன்ஸிலிருந்து ஒருவரை இறக்கியதும் எங்கள் கவனம் முதலில் காயத்துக்குப் போகாது. “உங்க பேர் என்னக்கா?” என்று கேட்போம். குரலைக் கேட்கத்தான் அந்தக் கேள்வி. குரல் கரகரத்திருந்தால், மூக்கு முடி கருகியிருந்தால், எச்சிலில் கரி தெரிந்தால், சூடும் புகையும் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். இப்போது சீராக மூச்சு விடுபவருக்கும் சில மணி நேரத்தில் தொண்டை வீங்கி அடைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்பே மருத்துவர் மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட்டாக வேண்டும். டியூப் போட்டதும் பேச்சு நின்றுவிடும்.

அடுத்தது வளையல், மெட்டி, மோதிரம், அரைஞாண் கயிறு. உடம்பு வீங்க வீங்க அவை இறுகி, ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். தாலிக் கயிற்றைக் கழற்றும்போது மட்டும் எந்த அவசரத்திலும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். “கழுத்து வீங்குதுக்கா, கழட்டி உங்க அம்மா கையிலயே குடுத்துருறேன்” என்று சொல்லி, அவர் தலையசைத்த பிறகே கை வைக்க வேண்டும்.

அதற்குப் பிறகு கணக்கு. நோயாளியின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவர் உடம்புப் பரப்பில் ஏறக்குறைய ஒரு சதவீதம். தலை ஒன்பது, ஒரு கை ஒன்பது, ஒரு கால் பதினெட்டு என்று கூட்டி, எத்தனை சதவீதம் வெந்திருக்கிறது என்று குறிப்போம். அமெரிக்காவில் டல்லாஸ் நகரின் பார்க்லேண்ட் மருத்துவமனையில் உருவான ஒரு கணக்கு இங்கேயும் புழக்கத்தில் இருக்கிறது. உடல் எடையை வெந்த சதவீதத்தால் பெருக்கி, அதை நான்கால் பெருக்கினால், முதல் 24 மணி நேரத்தில் ஏற்ற வேண்டிய திரவம் மில்லி லிட்டரில் கிடைக்கும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 60 சதவீதக் காயம் என்றால் 12 லிட்டர். அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் போக வேண்டும். அந்த 8 மணி நேரம் வெடித்த நிமிடத்திலிருந்து எண்ணப்படுகிறது. சிவகாசியில் முதலுதவி முடிந்து மதுரைக்கு அனுப்புவதற்குள் மூன்று மணி நேரம் வீணாகிவிட்டால், மிச்சமுள்ள ஐந்து மணி நேரத்தில் 6 லிட்டர் ஏற வேண்டும்.

ஏற்றியது போதுமா என்பதை யூரின் பேக் சொல்லும். பெரியவர்களுக்கு மணிக்கு 30 முதல் 50 மில்லி வர வேண்டும். குறைந்தால் சிறுநீரகம் தவிக்கிறது. நிறம் கறுத்தால் தசையும் சிதைந்திருக்கலாம். மணிக்கு ஒரு முறை குனிந்து பார்த்து, சார்ட்டில் எழுதி, டிரிப்பின் வேகத்தை மருத்துவரிடம் கேட்டுக் கூட்டிக் குறைப்பதுதான் தீவிர சிகிச்சையில் பெரும்பகுதி.

இத்தனைக்கும் நடுவில் தீக்காயத்துக்கு ஒரு கொடுமை உண்டு. ஆழமாக வெந்த இடத்தில் நரம்பு முனைகளும் கருகிவிடுவதால் அங்கே வலி தெரிவதில்லை. பெருங்காயம் பட்டவர் முதல் நாள் தெளிவாகப் பேசுவார். “நல்லாத்தான பேசுறாக, பயமில்ல” என்று வாசலில் நிற்கும் சொந்தக்காரர்கள் மூச்சு விடுவார்கள். உள்ளே எங்களுக்கு இன்னொரு கணக்கு ஓடும். வயதோடு வெந்த சதவீதத்தைக் கூட்டினால் வருவதே மரண வாய்ப்பின் அளவு என்று 1961-ல் பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் சொன்ன கணக்கு அது. 40 வயது, 60 சதவீதம், கூட்டினால் 100. இன்று நல்ல வசதியுள்ள தீக்காய மையங்களில் அந்தக் கணக்கைப் பொய்யாக்கிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் அதன் நிழல் கட்டிலுக்குக் கட்டில் விழத்தான் செய்கிறது.

ஒருமுறை ஆலையில் மணி மணியாக வெடிமருந்து உருட்டும் அறையில் வெந்த ஓர் அக்கா என் கட்டிலுக்கு வந்தார். அலுமினியப் பவுடர் அப்பிய தோல். குரல் மாறத் தொடங்கியிருந்தது. “பிழைச்சிருவேனா சிஸ்டர்?” என்று கேட்டார். ‘ஒண்ணுமில்லக்கா, ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்’ என்று சொல்வது எளிது. ஆனால் அந்தப் பொய், அவர் பேசக்கூடிய கடைசி மணி நேரத்தைப் பறித்துவிடும். “காயம் பெருசுக்கா. எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். இன்னும் கொஞ்ச நேரத்துல தொண்டைக்கு டியூப் போடுவாக, பேச முடியாது. யார்ட்ட என்ன சொல்லணும்?” என்றேன்.

அவர் யோசிக்கவே இல்லை. “கம்மல அடகு வச்ச சீட்டு அரிசிப் பானைக்குள்ள இருக்கு. ஆடி முடியிறதுக்குள்ள வட்டி கட்டலைன்னா மூழ்கிரும். மூத்தவட்ட சொல்லணும்” என்றார். மூத்த மகளுக்கு மாஸ்க்கும் கவுனும் போட்டு உள்ளே கூட்டி வந்தோம். அவர் சொல்லி முடித்தார். மகள் திருப்பிச் சொன்னாள். அந்தச் சில நிமிடங்களிலும் நான் டிரிப்பைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சில நாட்கள் கழித்து அந்த அக்கா இறந்துபோனார்.

இப்படிப்பட்டவரிடம் மாஜிஸ்திரேட் வந்து மரண வாக்குமூலம் வாங்குவதுண்டு. வாக்குமூலம் தரும் அளவுக்கு நினைவு தெளிவாக இருக்கிறதென்று மருத்துவர் சான்று தருவார். 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் அந்தப் பேச்சுக்கு மதிப்புத் தந்தது. அதன் இடத்துக்கு வந்த 2023-ஆம் ஆண்டுச் சட்டமும் தருகிறது. விபத்து எப்படி நடந்தது, யார் காரணம் என்று குறித்துக்கொள்ள அரசு ஆள் அனுப்புகிறது. அடகுச் சீட்டையும், சின்னவன் பள்ளிக்கூடத்தையும், ஆலையில் வாங்கிய அட்வான்ஸையும் பற்றிக் கேட்டுக்கொள்ள எந்த அதிகாரியும் வருவதில்லை. அது செவிலியரின் பங்கு. அந்த நேரத்தில் காது கொடுப்பதும் சிகிச்சைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆள் பற்றாக்குறையில் இதெல்லாம் முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஆளுக்கு ஒரு செவிலியர் வேண்டும் என்பது தொழில் நெறி. நடப்பில் ஒருவரே பல கட்டில்களுக்கு ஓடுகிறார். வெடி விபத்தன்று எட்டுப் பத்து ஸ்ட்ரெச்சர்கள் ஒன்றாக வரும்போது, யாரைக் காப்பாற்ற முடியுமோ அவரிடம்தான் முதலில் கை போக வேண்டும். அது சரியான அறம். ஆனால் அந்த வரிசை சொல்வது யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால் என்பதை மட்டும். கடைசியில் நிற்பவரைக் கைவிடலாம் என்று அது எங்கும் சொல்லவில்லை. அவருக்கும் வலி ஊசி உண்டு. தோல் போனவருக்குக் குளிர் நடுக்கும், போர்த்திவிட வேண்டும். உதட்டை நனைக்க வேண்டும். புண் ஒட்டாமல் இருக்க வாழை இலை விரித்து, கொசுவலை கட்டி, நேரத்துக்கு நேரம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் அருணா ஷான்பாக் என்ற செவிலியர் 1973-ல் தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2015-ல் இறக்கும்வரை, ஏறக்குறைய 42 ஆண்டுகள், அங்கிருந்த செவிலியர்கள் தலைமுறை தலைமுறையாக அவரைக் கவனித்தார்கள். இத்தனை காலம் படுக்கையில் கிடந்தும் அவருக்குப் படுக்கைப்புண் வரவில்லை என்பதை 2011-ல் உச்ச நீதிமன்றம் வியந்து பாராட்டியது. எழுந்து நடப்பார் என்ற எதிர்பார்ப்பில் அவர்கள் அவரைத் துடைக்கவில்லை. துடைக்க வேண்டிய உடம்பு அங்கே இருந்தது.

இது வார்டோடு முடியும் விஷயமும் அல்ல. பக்கவாதம் வந்து படுத்த அப்பாவை, புற்று முற்றிய அத்தையை, ‘இனி என்ன செஞ்சு என்ன ஆகப்போகுது’ என்று வீட்டிலேயே ஒதுக்கிவிடுகிறோம். பலன் இல்லாத இடத்தில் பாடு எதற்கு என்று மனம் கணக்குப் போடுகிறது. பிழைப்பாரா என்ற கேள்விக்கு விடை பல நாள் நம் கையில் இருப்பதில்லை. இந்த மணி நேரத்தில் இவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் விடை கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைக்கிறது: தண்ணீர், போர்வை, ஊசி, மகள். அந்த இரண்டாவது கேள்வியை விடாமல் கேட்கிறவர்கள்தான் முதல் கேள்விக்கும் சில சமயம் நல்ல விடை கொண்டுவருகிறார்கள். கணக்கை மீறிப் பிழைத்த ஒவ்வொருவரும் மணிக்கு மணி யாரோ குனிந்து பார்த்ததால் பிழைத்தவர்.

ஆலைகள் வெடிக்காமல் இருக்க வேண்டும்; அதுவே எங்கள் ஊரின் முதல் கடன். வெடித்த பிறகு நிவாரணத் தொகையோடு கடன் தீர்ந்துவிடாது. கடைசிக் கட்டிலுக்கும் போய் நிற்கும் அளவுக்குத் தீக்காய வார்டுகளில் செவிலியர் இருக்கிறார்களா என்பதையும் இந்த ஊர் கேட்டு வாங்க வேண்டும்.